மிக்-21 போர் விமான மாடல் கட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (தக்கலை): அண்ணே, 1/72 (நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு) அளவு மிக்-21 ஒட்டி முடித்தாச்சு. தரையில் வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்காருகிறது.

பதில்: மூக்கில் எடை வைக்காமல் மூடிவிட்டீர்கள் தம்பி. குளச்சலில் தூண்டில் சாமான் விற்கிற கடையில் சின்ன ஈயக்குண்டு கிடைக்கும், அதுவே போதும். மூக்கு முனையில் இருக்கிற கூம்புக்குள் முதலில் நிரப்புங்கள். பின் சக்கரத்தை விட்டு எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு குறைந்த எடை போதும். ஒட்டுவதற்கு முன்பே எல்லா பாகத்தையும் டேப் போட்டுச் சேர்த்து, பின் சக்கரம் வருகிற இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பார்க்க வேண்டும், மூக்கு தானாகக் கீழே சாயணும். இப்போதைக்கு அந்தக் கூம்பை மட்டும் கழற்ற முடிகிறதா பாருங்கள்.

ஒன்று மட்டும், ஈயத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டாதீர்கள். வெள்ளைப் பசையில் இருந்து வருகிற அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து உப்பி, சில வருஷத்தில் மூக்கை ஒட்டின இடத்திலேயே பிளந்துவிடும். நம்ம ஊர் ஈரக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். அரால்டைட் போடுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் வைக்க வேண்டும்.

கேள்வி (குழித்துறை): காக்பிட் கண்ணாடியை ஃபெவிக்விக்கில் ஒட்டினேன், உள்ளே புகை படிந்த மாதிரி வெளுத்துவிட்டது.

பதில்: அதன் ஆவிதான் படிந்திருக்கிறது. கண்ணாடிக்குத்தான் ஃபெவிகால், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி (மார்த்தாண்டம்): ஸ்ப்ரே வார்னிஷ் அடித்ததும் விமானம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது, டப்பா பழசா?

பதில்: டப்பா மேல் குற்றம் இல்லை. என்றைக்கு அடித்தீர்கள், ஆடிச் சாரலிலா? வார்னிஷில் இருக்கிற கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதில் இறங்கிவிடும், அதுதான் அந்த வெள்ளை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால் மழை நாளில் வார்னிஷ் வேண்டவே வேண்டாம். நல்ல வெயில் நாளில் அதே வார்னிஷை மேலே லேசாகத் தூவிப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): பேனல் கோடுகளில், அதாவது தகடுகள் சேருகிற கோடுகளில், கறுப்பு விட்டேன், எடுப்பாக இருக்கிறது. நீங்கள் மட்டும் கறுப்பு வேண்டாம் என்று எப்போதும் சொல்கிறீர்களே, ஏன்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள் மக்கா. மாடலில் கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 72-ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் 14.4 மில்லிமீட்டர். தகடும் தகடும் சேருகிற இடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் பிளவு உள்ள விமானத்தை யார் ஓட்டுவார்கள்? அதில் கறுப்பையும் விட்டால் அந்தப் பிளவைத்தான் காட்டுகிறீர்கள். அடித்த பெயிண்ட்டை விட ஒரு படி இருண்ட சாம்பல் போதும்.

கேள்வி (இரணியல்): மேட் வார்னிஷ் பால் மாதிரி ஆகிவிட்டது...

பதில்: மார்த்தாண்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கருங்கல்): நாகர்கோவில்காரர் சொல்வது சரிதான் அண்ணே. கோடு தெரியாவிட்டால் பொம்மை மாதிரி இருக்கு.

பதில்: பொம்மை மாதிரி இருப்பது கோடு இல்லாததால் இல்லை, உடலின் இரண்டு பாதியும் சேருகிற தையல் தெரிவதால். அதைப் பட்டி போட்டு, 400, 800, 1500 என்று வாட்டர் பேப்பர் மாற்றி மாற்றித் தேய்த்து மறையுங்கள், அப்புறம் பேசுவோம்.

கேள்வி (திங்கள்நகர்): ரிமோட்டில் பறக்கிற விமானத்துக்கு எந்த மோட்டார்?

பதில்: எனக்குத் தெரிந்த துறை இல்லை.

கேள்வி (ஆரல்வாய்மொழி): வார்னிஷ் வெள்ளையாக...

பதில்: மழையில் அடிக்காதீர்கள்! இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி (மறுபடி நாகர்கோவில்): இணையத்தில் பார்க்கிற நல்ல மாடல்களில் எல்லாம் கோடு கறுப்புதானே?

பதில்: மாடலைப் பார்த்து மாடல் கட்டினால் அப்படித்தான் ஆகும். 1963-ல் வந்து 2025 செப்டம்பர் வரை நம் விமானப்படையில் பறந்த விமானம் இது, நிஜப் படங்களுக்கா பஞ்சம்? பத்தடி தள்ளி எடுத்த படத்தில் பாருங்கள், தகட்டுக் கோடு மங்கித்தான் தெரியும். பெங்களூரு போனால் எச்.ஏ.எல். விமான நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நம் நாட்டிலேயே கட்டிய மாருத் போர் விமானம் நிற்கிறது, பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: இறக்கையின் பின் ஓரத்தில் அசைகிற பாகங்கள், வாலில் சுக்கான், இவை சேருகிற இடத்தில் நிஜமாகவே இடைவெளி உண்டு, உள்ளே இருட்டு. அங்கே கறுப்பு விடுங்கள், மற்ற கோடெல்லாம் சாம்பல்.