சிக்யூஐ-12 கேட்கிறார் வாடிக்கையாளர்: சான்றிதழ் வாங்கினால் போதுமா?

கேள்வி: அம்பத்தூரில் வாகன உதிரிபாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் (பூச்சுத் தூளை அடித்து ஓவனில் வேகவைப்பது) ஜாப் வொர்க் செய்கிறோம். ஏழு தொட்டி ப்ரீ-ட்ரீட்மென்ட் (பூச்சுக்கு முன் உலோகத்தைச் சுத்தம் செய்து தயார்ப்படுத்துவது), ஒரு கன்வேயர் ஓவன், இரண்டு ஷிஃப்ட். ஐஎஸ்ஓ 9001 தர மேலாண்மைச் சான்றிதழ் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்குள் சிக்யூஐ-12 ஆடிட் ரிப்போர்ட் கேட்கிறார். ஒரு கன்சல்டன்ட் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: போதாது. சிக்யூஐ-12 சான்றிதழ் தருகிற திட்டமே அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1982 முதல் இயங்கும் ஏஐஏஜி என்ற வாகனத் துறை அமைப்பு வெளியிடும் கையேடு அது. பூச்சு வேலை செய்யும் ஆலை ஆண்டுக்கு ஒரு முறையாவது தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்வதற்கான கேள்விகளும் செயல்முறை அட்டவணைகளும் அதில் இருக்கின்றன. இப்போது புழக்கத்தில் இருப்பது 2020ல் வந்த மூன்றாம் பதிப்பு. ஏஐஏஜி எந்த ஆலைக்கும் 'தேறியது' என்று சான்று கொடுப்பதில்லை. மதிப்பீடு செய்ய வேண்டியவர் நீங்கள். அதை நேரில் வந்து சரிபார்ப்பவர் உங்கள் வாடிக்கையாளர். கன்சல்டன்ட் ஃபிரேம் போட்டுத் தரும் காகிதத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பயிற்சிக்காக ஒரு கன்சல்டன்ட்டை வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் நிரப்பிய படிவத்தை அவரிடமிருந்து வாங்காதீர்கள்.

ஐஎஸ்ஓ 9001 இருக்கும்போது இது ஏன் என்ற கேள்வி வரும். வெப்பப் பதப்படுத்தல், முலாம், வெல்டிங், பூச்சு ஆகிய வேலைகளில் முடிந்த பொருளைப் பார்த்து மட்டும் அது நல்லதா என்று சொல்ல முடியாது. சரியாக வேகாத பவுடரும் பளபளவென்றுதான் இருக்கும். வண்டி ஒரு மழைக்காலத்தைக் கண்ட பிறகுதான் ஓரங்களில் துரு கிளம்பும், பூச்சு உரியும். அதனால்தான் வெப்பப் பதப்படுத்தலுக்கு சிக்யூஐ-9, முலாமுக்கு 11, பூச்சுக்கு 12, வெல்டிங்குக்கு 15 என்று தனித்தனிக் கையேடுகள் இருக்கின்றன. உங்கள் ஐஎஸ்ஓ முறையின் மேல் இது உட்காரும், அதை மாற்றிவிடாது.

வேலையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பதிப்பு, இறுதி வாகன நிறுவனம் எது, அதன் தனித் தேவைகள் என்னென்ன. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெலாண்டிஸ் சங்கிலியில் இருந்தால் சிக்யூஐ-12. ஜெர்மன் நிறுவனங்களுக்குப் போகும் பொருள் என்றால் பெரும்பாலும் விடிஏ 6.3 என்ற ஜெர்மன் செயல்முறை ஆடிட்டைக் கேட்பார்கள். ஹூண்டாய், கியாவுக்கு எஸ்க்யூ என்ற தனி முறை இருக்கிறது. உங்கள் பொருளில் பவுடருக்கு அடியில் துத்தநாக முலாம் இருந்தால், முலாம் போடுபவருக்கு சிக்யூஐ-11 மதிப்பீடு உண்டா என்றும் கேட்பார்கள்.

கையேட்டின் முதல் கேள்வியே ஆளைப் பற்றியது. பூச்சுத் தொழில்நுட்பம் தெரிந்த, தகுதியுள்ள ஒருவர் ஆலையிலேயே முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். பூச்சு அனுபவமும் படிப்பும் சேர்த்துக் குறைந்தது ஐந்து ஆண்டு. சிறிய ஆலைகள் தடுமாறுவது இங்கேதான். கெமிக்கல் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் வாரம் ஒரு முறை வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவார், பவுடர் கம்பெனிக்காரர் போனில் பதில் சொல்வார். அவர்கள் உதவட்டும், ஆனால் அவர்கள் உங்கள் ஊழியர்கள் அல்ல. உங்கள் சூப்பர்வைசர்களில் அனுபவம் உள்ளவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் என்னென்ன முடிவு எடுக்கலாம், லைனை நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா என்பதை எழுத்தில் கொடுங்கள்.

அடுத்து, நான் சொல்லும் வரிசை பலர் செய்வதற்கு நேர்மாறானது. கேள்விப் படிவத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து நிரப்பாதீர்கள். கையேட்டில் உள்ள ஜாப் ஆடிட்டை, அதாவது ஒரு பொருளை லைனில் தொடர்ந்து சரிபார்க்கும் பகுதியை, முதலில் செய்யுங்கள். இன்று லைனில் ஓடும் ஒரு பொருளை எடுங்கள். வாடிக்கையாளரின் டிராயிங்கில் பூச்சுத் தடிமன் எத்தனை மைக்ரான், சால்ட் ஸ்ப்ரே (உப்புத் தூறலில் வைத்துத் துரு பார்க்கும் சோதனை) எத்தனை மணி நேரம் என்று இருக்கிறது? பிஎஃப்எம்இஏ (செயல்முறையில் எங்கே என்ன தவறலாம் என்ற ஆய்வு), கன்ட்ரோல் பிளான் (எதை எந்த எல்லைக்குள் வைப்பது என்ற திட்டம்), லைனில் தொங்கும் வேலைக்குறிப்பு மூன்றிலும் அதே எண் இருக்கிறதா? பொருள் உள்ளே வந்த சலானிலிருந்து பேக்கிங் லேபிள் வரை அந்த லாட்டைத் தொடர முடிகிறதா? பவுடர் பேட்ச் எண் எந்தப் பதிவில் இருக்கிறது? ஒரே ஒரு பொருளை இப்படி நேர்மையாகத் தொடர்ந்தால் படிவத்தின் பாதிக் கேள்விகளுக்கு உண்மையான பதில் கிடைத்துவிடும். பொருந்தாத எண்களும் அப்போதுதான் வெளியே வரும்.

ஓவனுக்கு வருவோம். இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பேனலில் 200 டிகிரி என்று காட்டுவது உள்ளே இருக்கும் காற்றின் வெப்பம். பவுடர் தயாரிப்பாளரின் தாளில் 'உலோக வெப்பநிலை 200 டிகிரியில் 10 நிமிடம்' என்று இருந்தால், பொருளின் உலோகமே அந்தச் சூட்டை எட்டி, அதற்குப் பிறகு பத்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகடு சீக்கிரம் சூடேறும்; எட்டு மில்லிமீட்டர் பிராக்கெட் அதே கன்வேயர் வேகத்தில் பாதி வெந்து வெளியே வந்துவிடலாம். இதை அறிய, வெப்பத்தைத் தொடர்ந்து பதியும் டேட்டா லாகரைப் பொருளோடு உள்ளே அனுப்பும் ஓவன் ப்ரொஃபைல் ஒன்றே வழி. அதன் வெப்ப உணரியான தெர்மோகப்பிளைத் தடித்த இடத்திலும் மெலிந்த இடத்திலும், பொருளைத் தொங்கவிடும் ஜிக்கின் மேலேயும் கீழேயும் பொருத்துங்கள். காலி ஓவனில் எடுத்த ப்ரொஃபைல் உதவாது, முழு லோடு ஓடும்போது எடுக்க வேண்டும். கன்வேயர் வேகத்தை மாற்றினாலும், பர்னரைப் பழுது பார்த்தாலும், கனமான புதிய பொருள் வந்தாலும் மறுபடி எடுங்கள். வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது கையேட்டின் அட்டவணையில் இருக்கிறது. வாடிக்கையாளர் அதைவிடக் கடுமையாகக் கேட்டால் அவர் சொன்னதுதான் செல்லும்.

மின்சாரம் போய்க் கன்வேயர் நின்றால் ஓவனுக்குள் நிற்கும் பொருளின் கதி என்ன என்பதும் எழுதி வைக்க வேண்டிய விஷயம். எத்தனை நிமிடம் வரை ஏற்கலாம், அதற்கு மேல் போனால் எதை ஒதுக்குவது, யார் முடிவெடுப்பது? ப்ரீ-ட்ரீட்மென்ட் தொட்டிகளுக்கு நடுவே ஈரத்தோடு நின்ற பொருளில் உடனே துரு படியும். அதற்கும் இதே கேள்விகள்தான்.

தொட்டிகளைப் பொறுத்தவரை டீகிரீஸிங் அல்கலி பாயின்ட், பாஸ்பேட் தொட்டியின் ஃப்ரீ ஆசிட், டோட்டல் ஆசிட், டோனர் பாயின்ட், ஒவ்வொன்றின் வெப்பநிலை, கடைசி டிஎம் வாட்டர் (தாது உப்பு நீக்கிய நீர்) ரின்ஸின் கண்டக்டிவிட்டி ஆகிய அளவீடுகளை நீங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எல்லைகள் கெமிக்கல் கம்பெனியின் தாளில் உள்ளபடியே கன்ட்ரோல் பிளானிலும் இருக்கட்டும். ரெஜிஸ்டரில் ஒரு மாதம் முழுக்க ஒரே எண், ஒரே கையெழுத்து, ஒரே பேனா என்றால் ஆடிட்டர் மேலே படிக்க மாட்டார். நேராக லேபுக்கு வந்து, 'இப்போது ஒரு டைட்ரேஷன் போட்டுக் காட்டுங்கள்' என்று, தொட்டிக் கரைசலை அளந்து காட்டும்படி ஷிஃப்ட் ஆளிடம் கேட்பார். உண்மையான தொட்டியில் எண்கள் ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பதிவில் தெரிவதுதான் உங்கள் பலம்.

நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான்: அளவீடு எல்லையைத் தாண்டியபோது என்ன செய்தீர்கள் என்பது அந்தப் பதிவிலேயே இருக்க வேண்டும். 'கெமிக்கல் சேர்த்தோம்' என்பது பாதிப் பதில். கடைசியாகச் சரியாக இருந்த அளவீட்டிலிருந்து தவறு தெரிந்த நேரம் வரை லைனில் ஓடிய பொருள்கள் எங்கே? அவற்றை ஒதுக்கினீர்களா, சோதித்தீர்களா, வாடிக்கையாளருக்குச் சொன்னீர்களா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்தால் இரண்டு மணி நேரப் பொருளைத்தான் தேட வேண்டியிருக்கும். ஷிஃப்டுக்கு ஒரு முறை அளந்தால் ஒரு ஷிஃப்ட் உற்பத்தி முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். எத்தனை முறை அளப்பது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். நிர்வாகம் இந்தப் பதிவுகளை 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று கையேடு எதிர்பார்க்கிறது. தினமும் காலையில் நீங்களோ உங்கள் மேலாளரோ பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சுத் தடிமனை அளக்கும் டிஎஃப்டி மீட்டரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஸ்டாண்டர்ட் ஃபாயிலில் சரிபாருங்கள். ஒட்டுதலுக்கு ஐஎஸ்ஓ 2409 கிராஸ் கட், அதாவது பூச்சில் கட்டம் கட்டமாகக் கீறிப் பார்க்கும் சோதனை. சால்ட் ஸ்ப்ரே வெளி லேபில் செய்தால் அந்த லேபுக்கு என்ஏபிஎல் (இந்தியாவில் சோதனை லேப்களை அங்கீகரிக்கும் வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, அங்கீகாரப் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட சோதனை இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த சேம்பர் என்றால் சால்ட் ஸ்ப்ரே சோதனைக்கான தரநிலை ஏஎஸ்டிஎம் பி117 சொல்லும் 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி, 6.5 முதல் 7.2 வரை பிஎச் ஆகியவற்றின் தினசரிப் பதிவு வேண்டும். ஹேங்கர் கொக்கிகளில் பழைய பவுடர் கெட்டியாகப் படிந்தால் எர்த்திங் போய்விடும், பூச்சு சமமாக விழாது. கொக்கி சுத்தம் செய்யும் முறையையும் எழுதி வையுங்கள்.

ரீகோட்டிங் பற்றி ஒரு எச்சரிக்கை. ரிஜெக்ட் ஆன பொருளின் மேலேயே இன்னொரு கோட் அடித்து அனுப்புவது பல ஷெட்டுகளில் சாதாரணமாக நடக்கிறது. வாகன உதிரிபாகத்தில் வாடிக்கையாளர் ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஒப்புதல் இருந்தாலும் எத்தனை முறை, எந்த லாட் என்ற பதிவு தேவை.

மூன்று மாதத்தில் முடியுமா என்றால், முடியும். முதல் இரண்டு வாரத்தில் ஜாப் ஆடிட்டையும் ஓவன் ப்ரொஃபைலையும் முடியுங்கள். அடுத்த ஆறு வாரம் மாற்றிய முறைகளை ஓட்டிப் பதிவுகளைச் சேருங்கள், அதன் பிறகு முழுப் படிவத்தையும் நிரப்புங்கள். மதிப்பீட்டை நடத்துபவருக்கு இன்டர்னல் ஆடிட்டர் அனுபவமும் எஸ்பிசி (புள்ளிவிவர முறையில் செயல்முறைக் கட்டுப்பாடு), எம்எஸ்ஏ (அளவீட்டு முறை ஆய்வு), எஃப்எம்இஏ போன்ற தரக் கருவிகளும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் 'திருப்திகரம்' என்று போட்டு அனுப்புவதைவிட, ஆறேழு இடத்தில் 'திருப்திகரமல்ல' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரும் 90 நாளுக்குள் முடியும் தேதியும் போட்டு அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். 'உடனடி நடவடிக்கை தேவை' என்ற வகையில் ஏதாவது வந்தால் ரிப்போர்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். சந்தேகப் பொருளை அன்றைக்கே ஒதுக்கிவிட்டு வாடிக்கையாளரைப் போனில் கூப்பிடுங்கள்.