வரிக்கு வரம்பு வந்தால் ஊர்ச் செலவுக்கு என்ன வழி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் சொத்து வரியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதைப் பல மாநிலங்களில் வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பில் முடிவு செய்திருக்கிறார்கள். அங்குள்ள சிற்றூர்களில் வீடு வாங்கிக் குடியேறிய வாசகர்கள் இது குறித்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மாசசூசெட்ஸில் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் வரியை உயர்த்தக் கூடாது என்கிறார்கள். ஆனால் என் வரி ஏழு விழுக்காடு கூடியிருக்கிறது. ஊர் நிர்வாகமோ பணமே இல்லை என்கிறது. எது உண்மை?

இரண்டும் உண்மையே. 1980 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற அந்தச் சட்டத்தின் வரம்பு ஊர் முழுவதிலும் வசூலிக்கும் மொத்தத் தொகைக்கு உரியது. தனித்தனி வீட்டுக்கு உரியதன்று. உங்கள் வீட்டின் மதிப்பு ஊரின் சராசரியைவிட வேகமாக ஏறியிருந்தால், மொத்தத்தில் உங்கள் பங்கு கூடிவிடும்.

நிர்வாகத்தின் தரப்பைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்ற ஆண்டு வரம்பும் செலவும் 1 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டரை விழுக்காடு 2.5 லட்சம்; புதிதாகக் கட்டப்பட்ட வீடு, கடைகளின் வரி 1 லட்சம் என்றால், இந்த ஆண்டு 1 கோடியே 3.5 லட்சம் வரை வசூலிக்கலாம். சம்பளம், மருத்துவக் காப்பீடு, சிறப்புக் கல்வி ஆகியவற்றின் செலவு 5 விழுக்காடு ஏறினால் 5 லட்சம் கூடுதலாகத் தேவை, அதாவது 1.5 லட்சம் துண்டு விழும். ஓராண்டென்றால் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளிப்பார்கள். ஆண்டுதோறும் விழுந்தால் ஆள் குறைப்புதான்.

அந்தக் குறைப்பு எல்லாத் துறைகளிலும் சமமாக விழுவதில்லை. ஓய்வூதியம், கடன் தவணை, சட்டம் கட்டாயமாக்கியுள்ள சிறப்புக் கல்வி ஆகியவற்றில் கை வைக்க முடியாது என்பதால், நூலக நேரம், முதியோர் மையம், சாலைப் பராமரிப்பு, காலிப் பணியிடங்கள் ஆகியவற்றின் தலையிலேயே அது விழுகிறது. நூலகத்தை வெட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: நிதி ஒதுக்கீடும் திறந்திருக்கும் நேரமும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் நூலகம் மாநிலச் சான்றிதழை இழக்கக்கூடும், அப்போது மாநில உதவித்தொகை நிற்பதோடு, அக்கம்பக்கத்து ஊர் நூலகங்கள் உங்கள் ஊராருக்குப் புத்தகம் இரவல் தர மறுக்கவும் உரிமை பெறுகின்றன.

வரம்பை மீற அனுமதி கேட்கும் வாக்கெடுப்பில் ஆம் என்றால், அது எத்தனை ஆண்டுக்கு?

ஓவர்ரைட் எனப்படுவது நிரந்தரமானது; கூட்டிய தொகை வரம்போடு சேர்ந்து, அடுத்த ஆண்டு இரண்டரை விழுக்காடு அதன்மீதும் கணக்கிடப்படும். பள்ளிக் கட்டடம், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு வாங்கும் கடனுக்கான தனி விலக்கு, கடன் அடைந்ததும் முடிந்துவிடும். இரண்டுக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும். வாக்குச்சீட்டில் எது கேட்கப்படுகிறது என்று பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.

கொலராடோவின் ஊர்ப்புறத்தில் இருக்கிறோம். எங்கள் பக்கம் வீட்டு விலை பெரிதாக ஏறவே இல்லை. ஆனாலும் தீயணைப்பு மாவட்டத்தின் (தீயணைப்புக்கென்றே தனி வரி வசூலிக்கும் உள்ளூர் அமைப்பின்) வருமானம் பல ஆண்டுகள் சரிந்தது என்கிறார்களே, ஏன்?

உங்கள் ஊர் செய்யாத ஒன்றுக்கு உங்கள் ஊர் விலை கொடுத்தது. 1982இல் வாக்காளர்கள் ஏற்ற கேலகர் திருத்தம், மாநிலத்தின் மொத்த வரி மதிப்பில் வீடுகளின் பங்கு ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றது. டென்வரைச் சுற்றி வீட்டு விலை ஏற ஏற, அந்தப் பங்கைக் கட்டுக்குள் வைக்க, வீட்டு மதிப்பில் வரிக்கு உட்படும் விகிதம் மாநிலம் முழுவதற்கும் ஒரே அளவாகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் 21 விழுக்காடாக இருந்த அவ்விகிதம் 2019இல் 7.15 விழுக்காட்டுக்கு இறங்கியது. நகரத்தில் விலையேற்றம் அந்த இழப்பை ஈடுகட்டிவிட்டது. விலை ஏறாத ஊர்களில் ஆம்புலன்ஸ், மருத்துவமனை, தீயணைப்பு மாவட்டங்களுக்கு அது நேரடி வருமானக் குறைவாயிற்று.

சரிந்ததை மீட்க வரி விகிதத்தை உயர்த்தலாமே என்றால், 1992இல் வந்த டேபர் திருத்தம் குறுக்கே நின்றது. வாக்காளர் ஒப்புதலின்றி எந்த வரியையும் உயர்த்த முடியாது. விலைவாசியும் ஊரின் வளர்ச்சியும் சேர்ந்த அளவைத் தாண்டி வரும் வருமானத்தையும், வைத்துக்கொள்ள வாக்காளர் சம்மதிக்காவிட்டால், திருப்பித் தர வேண்டும். தனித்தனியே பார்த்தால் இரண்டு விதிகளுக்கும் நியாயம் உண்டு; ஒன்று வரி அடித்தளத்தைத் தானாகக் குறைக்க, மற்றது அதை ஈடுசெய்யும் வழியை அடைக்க, இரண்டும் பூட்டிக்கொண்டதுதான் கேடாக முடிந்தது. கேலகர் திருத்தத்தை வாக்காளர்களே 2020இல் நீக்கிவிட்டார்கள், டேபர் நீடிக்கிறது.

கலிபோர்னியாவில் ஒரே மாதிரி வீட்டுக்கு என் பக்கத்து வீட்டார் என்னைவிடப் பன்மடங்கு குறைவாக வரி கட்டுகிறார்கள். வழக்குப் போட இடமுண்டா?

இல்லை. 1978 ஜூனில் வாக்கெடுப்பில் நிறைவேறிய புரொபோசிஷன் 13 என்ற திருத்தம் வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடக்கியது; வீடு கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. பழைய உரிமையாளருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்துவிட்டது.

நான் இதைவிடக் கவலைப்படுவது அதிகாரம் இடம் மாறியதைப் பற்றித்தான். அந்த ஒரு விழுக்காட்டை ஊருக்கும் பள்ளிக்கும் கவுண்டிக்கும் (பல ஊர்கள் அடங்கிய மாவட்ட நிர்வாகத்துக்கும்) பிரித்துக் கொடுப்பது மாநிலச் சட்டம். ஊர்மன்றம் தன் விருப்பப்படி விகிதத்தை மாற்ற முடியாது. எனவே விற்பனை வரி தரும் கார் விற்பனை நிலையத்துக்கும் பெருங்கடைக்கும் ஊர்கள் போட்டி போடுகின்றன. செலவு வைக்கும் குடியிருப்புகளுக்கு அத்தனை வரவேற்பு இல்லை.

வரம்பு வந்தால் வீண்செலவு குறையும்தானே?

ஓரளவு குறையும், அதை மறுப்பது நேர்மையாகாது. பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே அவசர அழைப்பு மையத்தை நடத்துவது போன்ற நல்ல ஏற்பாடுகளுக்கு இந்த நெருக்கடியும் ஒரு தூண்டுதல். ஆனால் வரம்பு விதித்த நாளில் ஊர் எந்த நிலையில் இருந்ததோ, அதிலேயே அது உறைந்துபோகும். ஓரிகனின் ஜோசஃபின் கவுண்டியைப் பாருங்கள். அங்குள்ள காடுகளில் பெரும்பகுதி மத்திய அரசினுடையது. மர விற்பனையில் கிடைத்த பங்கை வைத்தே நிர்வாகம் நடந்ததால் சொத்து வரி மிகக் குறைவாக இருந்தது. 1997இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மெஷர் 50 என்ற திருத்தம் ஒவ்வோர் அமைப்பின் வரி விகிதத்தையும் நிரந்தரமாக நிறுத்தியபோது, சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 59 சென்ட் என்ற அந்த விகிதமே நிலைத்துவிட்டது. மரப்பணம் வற்றி, கூடுதல் வரிக்கான கோரிக்கையும் 2012இல் தோற்றபின், ஷெரிஃப் அலுவலகத்தில் காவலர்கள் பெருமளவில் பணியிழந்தார்கள். சிக்கனமாக வரி வசூலித்து வந்த கவுண்டிக்கே தண்டனை கடுமையாக விழுந்தது.

சொத்து வரியையே ஒழித்துவிட்டு மாநில அரசு ஈடு கொடுத்தால் என்ன?

வடக்கு டகோட்டாவில் 2024 நவம்பரில் வாக்குக்கு வந்த மெஷர் 4 இதைத்தான் கேட்டது. வாக்காளர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். 2012இலும் அப்படி ஒரு முயற்சி அங்கே தோற்றது. 2024ஆம் ஆண்டு வசூலித்த தொகைக்குக் குறையாமல் மாநிலம் ஈடு தரவேண்டும் என்றது அந்த மெஷர். பனி அள்ளும் செலவும் டீசல் விலையும் ஏறும்போது அந்தத் தொகையும் ஏறும் என்று உறுதி தரவில்லை. எண்ணெய் வருமானம் செழித்த ஆண்டில் தாராளமாகக் கொடுக்கும் மாநிலம், அது சரியும் ஆண்டில் முதலில் எதை வெட்டும் என்று உங்கள் ஊர் பட்ஜெட் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.