போட்டிக்கு மூன்று வாரம் இருக்க, ஹோபி 16-ல் ஸ்பின்னேக்கர் மாட்டலாமா?

கேள்வி: நெதர்லாந்தில் வசிக்கிறேன். பழைய ஹோபி 16 கட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு) ஒன்று வைத்திருக்கிறேன். டெக்ஸல் தீவைச் சுற்றிவரும் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான். தெரிந்தவர் ஒருவர் ஸ்பின்னேக்கர் (பின்காற்றில் முன்னால் விரிக்கும் பெரிய பாய்), அதைத் தாங்க முன்னால் நீட்டும் கம்பமான போல், கயிறுகள் எல்லாவற்றையும் மலிவாகத் தருகிறார். மாட்டிக்கொண்டு போகலாமா?

பதில்: மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். ஆனால் இந்தப் போட்டிக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முதலில் கணக்கு. இந்தப் போட்டியில் ஒவ்வொரு படகுக்கும் அதன் வேகத்தைக் குறிக்கும் ஒரு ரேட்டிங் எண் உண்டு. அதை வைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்வார்கள். ஸ்பின்னேக்கர் இருந்தால் உங்கள் படகு வேகமான படகு என்றாகிவிடும். நீங்கள் அதை விரித்தாலும் விரிக்காவிட்டாலும் கணக்கு கணக்குதான். பந்தயத் தூரம் ஏறக்குறைய 100 கி.மீ. தீவு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. தென்மேற்குக் காற்று என்றால் ஒரு நீளப் பக்கம் முழுக்கப் பின்காற்று, கொண்டாட்டம்தான். வடமேற்குக் காற்றானால் இரண்டு பக்கமும் பக்கக் காற்று. போலையும் பாயையும் சும்மா சுமந்துகொண்டு சுற்றி வருவீர்கள்.

அடுத்தது, நான் பயப்படும் விஷயம். ஹோபி 16-ன் பெரிய பாயும், முன்னால் உள்ள சிறிய பாயான ஜிப்பும் சேர்ந்தே சுமார் 20 சதுர மீட்டர்தான். ஸ்பின்னேக்கர் மட்டும் 17.5-ஐ ஒட்டி வரும். அதை இழுத்துக் கட்டும் கயிறு, பக்கக் கம்பிகள் பிடித்திருக்கும் இடத்துக்கும் மேலே பாய்மரத்திலிருந்து வருகிறது. பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கத் தனிக் கம்பி கிடையாது. அந்த வேலையைச் செய்வது பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்தான். அதாவது அது இறுக்கிய பெரிய பாயின் பின்விளிம்பு. பலமாகக் காற்று அடித்ததும் மெயின்ஷீட்டை விடுவது உங்கள் கை பழகிய பழக்கம். ஸ்பின்னேக்கர் விரிந்திருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. முதல் தடவை நான் செய்தேன். மரத்தின் உச்சி முன்னால் வில்லாக வளைந்ததைப் பார்த்துக் கூட வந்தவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளை, உடையவில்லை.

சுக்கானும் அப்படித்தான். காற்றை எதிர்த்துப் போகும்போது வேகக்காற்று வந்தால் படகைக் காற்றை நோக்கித் திருப்புவோம். ஸ்பின்னேக்கரோடு போகும்போது நேர்மாறாகக் காற்றோடு போகத் திருப்ப வேண்டும். தப்பாகத் திருப்பினால் மெல்லிய அணியம் (படகின் முன்முனை) தண்ணீருக்குள் போகும், படகு தலைகுப்புற விழும். 1970 வாக்கில் வந்த வடிவம் இது, முன்பக்கத்தில் மிதப்பு குறைவு. ஆகவே இருவரும் எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு பின்னால் போய்விடுங்கள்.

இதையெல்லாம் கை தானாகச் செய்ய வேண்டும். மூன்று வாரம் என்றால் மூன்று சனி ஞாயிறு. அதில் ஒன்றிரண்டு நாள் காற்றே இருக்காது.

சரி, கேட்க மாட்டேன், மாட்டித்தான் தீருவேன் என்றால் சில வார்த்தைகள். போலின் உள்முனையை முன் குறுக்குக் குழாயில் பிணைத்து, வெளிமுனையை இரண்டு அணியங்களுக்கும் நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். பாய் விரிந்ததும் அந்த முனையை மேலே தூக்கப் பார்க்கும். பாயை ஏற்றுவதைவிட இறக்கப் பழகுவது முக்கியம். காற்றோடு நன்றாகத் திரும்பி, ஸ்பின்னேக்கர் பெரிய பாயின் மறைவில் வந்து தொய்ந்ததும் மடமடவென்று உள்ளே இழுங்கள். படகைத் திருப்ப வேண்டிய இடத்தைக் காட்டும் மிதவை வந்த பிறகு இறக்கலாம் என்று காத்திருந்தால் பாய் தண்ணீரில் விழுந்து படகுக்கு அடியில் போய்விடும். அப்புறம் இழுவலை போட்ட கதைதான். லேசான காற்றில் ஒரே நாளில் இருபது தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

அதில் ஐந்து தடவை சிக்கினாலும் ஸ்பின்னேக்கரைக் கரையில் வைத்துவிட்டு, ஸ்பின்னேக்கர் இல்லாத ரேட்டிங்கிலேயே பெயர் கொடுங்கள்.