கூகுளில் கடை வருகிறது, காபி விலை வரவில்லையே?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம், ஊடே மிளகு. காபி விலை, பூச்சித் தொல்லை, மகளின் பள்ளிக்கான ஊர் வரலாற்றுக் கட்டுரை என்று எதைத் தேடினாலும் கடைகளும் விளம்பரமும்தான் முதலில் வருகின்றன. வாட்ஸ்அப் குழுவில் யாராவது நல்ல லிங்க் போட்டாலும் நாலு நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. நல்ல தளங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்களுக்கும் பயன்படும்படி எப்படிப் பகிர்வது?

பதில்: பத்து தளங்களின் பெயரை எழுதி அனுப்பிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அந்த முகவரிகள் எப்போது மாறும் என்று சொல்ல முடியாது. அதனால் தேடும் விதத்தையே சொல்கிறேன்.

கூகுளில் அடிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்: உங்களுக்கு வேண்டிய விஷயத்தை எழுதி வைத்தவர் அதை என்ன சொல்லில் எழுதியிருப்பார்? 'காபி விலை இன்று' என்று அடித்தால் தூள் விற்கிறவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். உங்களிடம் கொட்டை எடுக்கும் வியாபாரி எப்படிப் பேசுகிறார்? அராபிகா பார்ச்மென்ட் (பழத்தோலை நீக்கிக் காயவைத்தது), அராபிகா செர்ரி (பழமாகவே காயவைத்தது) என்றுதானே? அந்தச் சொற்களையே ஆங்கிலத்தில் அடித்து, காபி வாரியத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். வாரியம் தன் தளத்தில் சந்தை விலையை வெளியிடுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கர்நாடகத்தில் விலையை 50 கிலோ மூட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். அதைக் கவனிக்காமல் வியாபாரி சொல்லும் கிலோ விலையோடு ஒப்பிட்டுச் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

பூச்சிக்கும் இதே கதைதான். 'காபி செடி காய்கிறது மருந்து' என்று தேடினால் மருந்து விற்கிறவர்தான் கிடைப்பார். முதலில் பூச்சியின் பெயர் தெரிய வேண்டும். அராபிகாவின் தண்டில் பட்டைக்கு அடியில் மேடு மேடாகத் தெரிகிறது, இலை பழுத்து வாடுகிறது என்றால் வெள்ளைத் தண்டுத் துளைப்பானாக இருக்கலாம். பெயர் தெரியாவிட்டால் கூகுள் லென்ஸில் படம் எடுத்துக் காட்டுங்கள். அது சொல்லும் பெயரை அப்படியே நம்பாமல், அந்தப் பெயரை வைத்து அடுத்த தேடலைத் தொடங்குங்கள். நோய்க்கும் பூச்சிக்கும் லென்ஸ் சில சமயம் உளறும்.

இப்போது ஒரு சின்ன வித்தை. 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் நாலெழுத்தில் அடித்து, ஒட்டினாற்போல் கோலன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, அதை ஒட்டி 'டிஎன்ஏயு டாட் ஏசி டாட் இன்' என்று அடியுங்கள். நடுவில் இடைவெளி விட்டால் வேலை செய்யாது. அப்புறம் ஓர் இடைவெளி விட்டு, துளைப்பானின் ஆங்கிலப் பெயர், அதாவது 'ஒயிட் ஸ்டெம் போரர்'. இப்படித் தேடினால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கங்கள் மட்டும் வரும், கடைகள் காணாமல் போய்விடும். அவர்களின் அக்ரிடெக் தளத்தில் தமிழிலும் தகவல் உண்டு. அதே இடத்தில் 'ஜிஓவி டாட் இன்' என்று போட்டால் அரசுத் தளங்கள் மட்டும். பட்டா, வில்லங்கம் பார்க்கவும் இந்தப் பழக்கம் நல்லது. அச்சு அசலாக அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்களில் போய்ப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேடியும் தெளிவு கிடைக்காவிட்டால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண் இருக்கிறது. இலவசம், தமிழில் பேசலாம்.

மகளின் கட்டுரைக்கு, பழைய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தைத் திறந்து கொடுங்கள். 1918இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியரை, அதாவது மாவட்ட விவரத் தொகுப்பை, அங்கே இலவசமாகப் படிக்கலாம். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அந்தத் தளம் வழக்கமாக நூலின் பெயர், ஆசிரியர் போன்ற விவரங்களில் மட்டுமே தேடும். நூலுக்குள் இருப்பதைத் தேட, தேடல் பெட்டிக்குக் கீழே அதற்கான தெரிவை மாற்ற வேண்டும். இன்னொன்று, வெள்ளைக்காரர்கள் நம் சேர்வராயன் மலையை ஷெவராய் என்றும் ஷெர்வராய் என்றும் விதவிதமாக எழுதினார்கள். ஓர் எழுத்துக்கூட்டில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும். ஆளின் பெயரை வைத்துத் தேடுவது இன்னும் நல்லது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்து ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்த காக்பர்ன், 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட். ஃபூட் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர், கல்லறையும் அங்கேதான். மகளை நேரில் கூட்டிப்போய்க் காட்டலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷின் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். செத்துப்போன லிங்கின் முகவரியை அதில் ஒட்டினால், பழைய பக்கம் பெரும்பாலும் எழுந்து வரும்.

சரி, பகிர்வதற்கு வருகிறேன். இதில் நானே சூடு பட்டவன். மானிய அறிவிப்பு ஒன்றை ஆர்வக்கோளாறில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டேன். மூன்று பேர் ஜெராக்ஸ் கட்டோடு பஸ் ஏறிப் போய், அது போன வருடத்து அறிவிப்பு என்று கேட்டுத் திரும்பினார்கள். தேதி இருந்த மூலையை நான் வெட்டிவிட்டிருந்தேன். ஒருவர் இன்றும் என்னைப் பார்த்தால் அதைத்தான் முதலில் கேட்பார்.

அதிலிருந்து படம் அனுப்புவதில்லை. லிங்க், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி, நான் பார்த்த தேதி, இவ்வளவுதான். 'அராபிகா துளைப்பான், அடையாளமும் தடுப்பும், தமிழில்' என்று இருந்தால் ஆறு மாதம் கழித்தும் குழுவில் தேடி எடுக்கலாம். 'மிகவும் பயனுள்ளது, அனைவரும் பாருங்கள்' என்று எழுதினால் எதைச் சொல்லித் தேடுவது? பிடிஎஃப் என்றால் கோப்பையே அனுப்புங்கள். மலையில் சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் லிங்க் திறப்பதற்குள் பொழுது போய்விடும்.

குழுவுக்குப் பொதுவாக ஒரு கூகுள் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம், முகவரி, பார்த்த தேதி, போட்டவர் பெயர் என நாலு பத்தி போதும். அதன் லிங்கைக் குழுவின் விவரப் பகுதியில் (டிஸ்கிரிப்ஷன்) போட்டுவிட்டால் காலை வணக்கங்கள் அதை ஒன்றும் செய்ய முடியாது. பார்க்கும் உரிமை எல்லோருக்கும், திருத்தும் உரிமை இரண்டே பேருக்கு. நாங்கள் எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ பேரன் கையில் போனைக் கொடுக்க, முகவரிப் பத்தி முழுக்க யானைப் படம். அப்படி ஆனால் பதறாதீர்கள், கணினியில் திறந்து ஃபைல் மெனுவுக்குள் போனால் பழைய பதிப்புகள் தேதிவாரியாக இருக்கும். சனிக்கிழமையுடையதை எடுத்துத் திரும்ப வைத்தேன்.