மறிமானும் மரப்பூஞ்சையும்: எதை ஒப்பிடலாம்?

ஆப்பிரிக்கக் காட்டு நீல டைக்கர் மறிமானையும் மரவேரை அழுகவைக்கும் ஆர்மில்லேரியா பூஞ்சையையும் ஒப்பிட முடியுமா என்ற கேள்விக்கு: தாராளமாக முடியும். பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு.

முக்கிய வேறுபாடு செரிமானம். டைக்கர் உதிர்ந்த பழத்தையும் இலையையும் விழுங்கி, அறைகளாகப் பிரிந்த வயிற்றில் நுண்ணுயிர்களின் துணையோடு செரிக்கிறது. பூஞ்சைக்கு வயிறே கிடையாது. நொதிகளை மரத்துக்குள் சுரந்து, கரைந்ததை உறிஞ்சும். அதனால்தான் மரத்தை வெட்டினாலும் பூஞ்சை சாவதில்லை. அடிக்கட்டையே பல ஆண்டுகளுக்கு உணவு. கறுப்புக் கயிறு போன்ற இழைகள் மண்வழியே அடுத்த மரத்துக்குப் போகும். பட்டைக்கடியில் வெள்ளை விசிறிப் படலம் தெரிந்தால் கட்டையை வேரோடு தோண்டி எடுங்கள்.

அளவிலும் வேறுபாடு பெரிது. டைக்கரின் எடை பத்துக் கிலோவுக்கும் குறைவு. அமெரிக்காவின் ஆரெகனில் ஒரே ஆர்மில்லேரியா சுமார் 9 சதுர கிலோமீட்டர் பரவியிருக்கிறது.