நீலக்கல் மோதிரமும் இரண்டு அம்மாக்களும்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 28 வயது. சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறேன். மருத்துவமனையில் தாதியாக வேலை. வரும் தை மாதம் நிச்சயதார்த்தம். அன்றைக்கு மோதிரம் மாற்றிக்கொள்ளப் போகிறோம். எனக்கு வைரத்தில் என்றைக்குமே ஆசை இருந்ததில்லை. நீலக்கல் வைத்த மோதிரம்தான் வேண்டும். அவருக்கும் சம்மதம், நாலாயிரம் வெள்ளி வரை போகலாம் என்கிறார். ஆனால் என் அம்மா, "வைரம் இல்லாம ஒரு நிச்சயதார்த்த மோதிரமா? சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்கிறார். அவருடைய அம்மாவோ, "நீலம் சனியோட கல்லும்மா, எல்லாருக்கும் ஒத்துக்காது. கலர் கல்லுதான் வேணும்னா மரகதம் வாங்கிக்கோ" என்கிறார். கடையில் கேட்டால், வைரம்தான் முதலீடு, கலர் கல்லுக்கு மறுவிலை கிடையாது என்கிறார்கள். நான் அடம்பிடிக்கிறேனா? பேசாமல் மரகதத்துக்குச் சரி என்று சொல்லிவிடட்டுமா?
— நீலம் விரும்பி, பொங்கோல்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அடம்பிடிக்கவில்லை. ஆனால் மரகதத்துக்கு மட்டும் சரி சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு வந்த யோசனைகளிலேயே உங்கள் கைக்குச் சற்றும் பொருந்தாதது அதுதான்.

உள்ளே மயிரிழை வெடிப்பு இல்லாத மரகதம் அபூர்வம். அந்த வெடிப்புகள் கண்ணில் படாமலிருக்க எண்ணெயோ பிசினோ ஏற்றித்தான் பெரும்பாலான மரகதங்கள் விற்பனைக்கு வருகின்றன. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது, காலங்காலமாகத் தொழிலில் உள்ள வழக்கம். ஆனால் ஒரு ஷிஃப்டில் நீங்கள் எத்தனை முறை ஆல்கஹால் ஊற்றிக் கை தேய்க்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆல்கஹாலும் வெந்நீரும் சோப்பும் அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். அப்புறம் வெடிப்புகள் வெள்ளைக் கீறல்களாகத் தெரிய ஆரம்பிக்கும், கல் களையிழந்து போகும். மறுபடி எண்ணெய் ஏற்றலாம்தான். ஆனால் அதற்காக மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். மரகதம் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் அழகு. நாள் முழுக்கத் தண்ணீரில் புழங்கும் விரலுக்கு அது வேண்டாம்.

நீலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கற்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் வைரம் 10 என்றால் நீலமும் மாணிக்கமும் 9. மரகதம் ஏழரையிலிருந்து எட்டு வரை. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகளே 7 என்பதால், அதற்குக் கீழே உள்ள சந்திரகாந்தக்கல், ஓபல் போன்றவை தினசரிப் புழக்கத்தில் உரசி உரசியே மங்கிப்போகும். முத்து, பவளம் பற்றிப் பேசவே வேண்டாம். நீலம் ஆல்கஹாலுக்கும் அசையாது, சோப்புக்கும் அசையாது.

இன்னொன்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: பெரும்பாலான வார்டுகளில் கல் வைத்த மோதிரத்துக்கு அனுமதி கிடையாது. வெறும் வளையம் என்றால்தான் பேசாமல் இருப்பார்கள். ஆகவே வேலை நாளில் இந்த மோதிரம் கழற்றி வைக்கப்படும். தாதிகளின் மோதிரம் தேய்ந்து கெடுவதைவிட, லாக்கரிலும் சீருடைப் பையிலும் தொலைவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. முடிந்தால் நாலாயிரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய தங்க வளையமும் சேர்த்து வாங்குங்கள். கல் மோதிரம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

இப்போது உங்கள் அம்மா. வைரம் இல்லாமல் நிச்சயதார்த்தமா என்ற கேள்வி நம் பாட்டிமார் காதில் விழுந்திருந்தால் அவர்களுக்கே விளங்கியிருக்காது. தட்டு மாற்றினார்கள், பரிசம் போட்டார்கள், பூ வைத்தார்கள். மோதிரம் மாற்றுவது நம் வீடுகளுக்கு அண்மையில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த மோதிரத்தில் வைரம்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் உலகமெங்கும் பரவியதில் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வைரம் என்றென்றைக்கும் என்ற புகழ்பெற்ற வாசகத்தை 1947-இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதியவர் ஃபிரான்சஸ் ஜெரெட்டி என்ற விளம்பர எழுத்தாளர்.

ஆனால் இதை அப்படியே அம்மாவிடம் போய் ஒப்பித்துவிடாதீர்கள், எடுபடாது. வைரத்தின் மீது அவருக்கு இருக்கும் மதிப்பு அந்த விளம்பரத்திலிருந்து வந்ததல்ல. ஏழு கல் வைரத்தோடும் வைர மூக்குத்தியும் நம் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெருமையான சொத்து. மகளுக்கு வைரம் போட்டு அனுப்ப வேண்டும் என்பது அவர் மனதில் எவ்வளவு காலமாக இருக்கும் ஆசையோ. அதற்கு இடம் கொடுங்கள். "மோதிரம் என் இஷ்டம், கல்யாணத்துக்கு உங்க கையால ஒரு வைரத்தோடு போடுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் போதவில்லையா, நீலத்தின் இரண்டு பக்கமும் பொடி வைரம் பதிக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் யாராவது "வைரமா?" என்று கேட்டால் அம்மா தாராளமாக ஆமாம் சொல்லலாம்.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இயற்கை வைரத்தைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இரண்டுக்கும் வேறுபாட்டை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க நகைக்கடைக்காரராலேயே முடியாது, கருவி வேண்டும். பந்தியில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவால் மட்டும் முடிந்துவிடுமா?

கடைக்காரர் சொன்ன முதலீட்டுக் கதையை அங்கேயே விட்டுவிடுங்கள். வைர மோதிரத்தைத் திருப்பி விற்கப் போனவர்களைக் கேளுங்கள், கொடுத்த விலை கிடைத்ததா என்று. அடகுக்கடையில் முதலில் பார்ப்பதே தங்கத்தின் எடையைத்தான். முதலீடுதான் வேண்டுமென்றால் தங்கக் கட்டி வாங்கி வையுங்கள்.

அத்தையின் பயம்தான் இதில் கடினமான பகுதி. உங்கள் அம்மாவுக்கு இருப்பது கௌரவக் கவலை, பேசித் தீர்க்கலாம். அத்தைக்கு இருப்பது நிஜமான பயம். நீலத்தை வாங்கினால் துணியில் முடிந்து தலையணைக்கடியில் சில நாள் வைத்துப் பார்த்து, கெட்ட கனவு, கெட்ட சேதி எதுவும் வராவிட்டால்தான் விரலில் போடுவார்கள் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிற ஒருவர் வீட்டுக்கு மருமகளாகப் போகிறவருக்கு என் அவநம்பிக்கை எந்த விதத்திலும் உதவாது. நாளைக்கு உங்கள் பிடிஓ வீட்டின் (முன்பதிவு செய்தபின் அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) சாவி தள்ளிப்போனாலும், மாமனாருக்குச் சர்க்கரை ஏறினாலும், "நான் அப்பவே சொன்னேன், அந்தக் கல்லு" என்ற பேச்சு வரும். இளவரசி டயானா போட்டிருந்தாரே, பன்னிரண்டு கேரட் சிலோன் நீலம், அதே மோதிரம்தான் 2010-இல் அவருக்கு மருமகளாக வரவிருந்த கேட் மிடில்டனுக்குப் போனது என்றெல்லாம் தப்பித் தவறிக்கூட உதாரணம் காட்டிவிடாதீர்கள். அத்தை கேட் வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், டயானாவிலேயே நின்றுவிடுவார்.

இது நீலம் இல்லை, வேறு ஏதோ நீல நிறக் கல் என்று பொய் சொல்லியும் போடாதீர்கள். ரசீது என்றைக்காவது கையில் சிக்கும்.

என் யோசனை இது. அத்தையிடம் பேச வேண்டியவர் நீங்களல்ல, அவர் மகன். அத்தை நம்பும் ஜோதிடரிடமே உங்கள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அவர் தன் அம்மாவோடு போகட்டும். ஜோதிட முறைப்படியே ரிஷப லக்னத்துக்கும் துலா லக்னத்துக்கும் சனி யோககாரகன், அதாவது நல்ல பலன் தருபவர். உங்களுடையது அதில் ஒன்றாக இருந்தால் ஜோதிடரே போடச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. அதோடு, பரிகாரத்துக்கு நீலம் போடுவதென்றால் நடுவிரல், சனிக்கிழமை, கல்லின் அடிப்பாகம் தோலில் பட வேண்டும் என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. மோதிர விரலில் அலங்காரத்துக்குப் போடுவது வேறு என்று நம்பிக்கையுள்ளவர்களே பிரித்துப் பார்ப்பதுண்டு. அதையும் அவர் கேட்டு வரட்டும்.

ஜோதிடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அப்போது முடிவு உங்கள் வருங்காலக் கணவரைப் பொறுத்தது. ஒவ்வொரு முறை அந்தப் பேச்சு வரும்போதும் "நான்தான் வாங்கினேன், அவளை எதுவும் சொல்லாதீங்க" என்று அவர் முன்னால் வந்து நிற்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் நீலத்தையே வாங்குங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்றால் கனக புஷ்பராகத்துக்கு வாருங்கள். அது குருவின் கல். கல்யாணத்துக்குக் குரு பலம் பார்க்கும் அத்தை அதற்கு மறுப்புச் சொல்ல வழியே இல்லை. உங்களுக்கும் நஷ்டமில்லை, நீலம், கனக புஷ்பராகம், மாணிக்கம் மூன்றும் குருந்தம் என்ற ஒரே தாதுதான். உள்ளே இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம், குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. அதே உறுதி, அதே ஆயுள், நிறம் மட்டும் வேறு. இளஞ்சிவப்பிலும் உண்டு, அதுவும் பார்க்க அழகாக இருக்கும்.

நீலம் என்றே முடிவானால், கடையில் கவனிக்க வேண்டியவை சில.

நகைக்கடை விளக்கின் கீழே எந்தக் கல்லும் ஜொலிக்கும். சிராங்கூன் ரோட்டுக் கடையானால், ஊழியரையும் கூட்டிக்கொண்டு கல்லோடு ஐந்தடி நடைபாதைக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அடர்த்தியான நீலங்கள் சில, உள்ளே அவ்வளவு அழகாக இருந்துவிட்டு, வெளியே வந்ததும் மைத்துளி மாதிரி கறுத்துவிடும். சாயங்கால வெளிச்சத்தில் அவை கறுப்பாகவே தெரியும். ஒரு பிடி வெளிறிய நீலம் எடுப்பதே நல்லது. அடுத்து, கல்லை அச்சடித்த தாளின்மேல் வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். நடுவில் எழுத்து தெரிந்தால் பட்டை சரியாகத் தீட்டவில்லை, ஒளி திரும்பாமல் கீழே ஒழுகிவிடுகிறது. வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து வைத்தும் பாருங்கள். சில கற்களில் நிறம் ஒரு மூலையில் மட்டும் ஒதுங்கியிருக்கும்.

கேரட்டை வைத்து அளவைக் கணக்கிடாதீர்கள். நீலம் வைரத்தைவிடக் கனமான கல், அதனால் ஒரு கேரட் நீலம் ஒரு கேரட் வைரத்தைவிடச் சிறியதாகத்தான் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

சந்தையில் உள்ள நீலங்களில் பெரும்பாலானவை நிறம் தெளிவதற்காகச் சூளையில் சூடாக்கப்பட்டவை. அது நிரந்தரம், அதனால் கெடுதல் எதுவும் இல்லை, உங்கள் பட்ஜெட்டுக்கும் அதுதான் சரி. சூடாக்காத கல் என்று சொன்னால் விலை ஏறும். நம்பகமான ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பேச்சுக்கு ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தவிர்க்க வேண்டியவை, கண்ணாடி நிரப்பிய கற்களும் மேல்பரப்பில் நிறம் ஊடுருவ வைத்த கற்களும். மோதிரத்தைச் சரிசெய்யும்போது தட்டார் சூடு காட்டினாலே கண்ணாடி நிரப்பிய கல் கெட்டுப்போகலாம். செயற்கைக் கல்லும் புதிதல்ல. பிரான்ஸைச் சேர்ந்த வெர்னாய், மாணிக்கத்தைச் செயற்கையாக உருவாக்கும் முறையை 1902-லேயே வெளியிட்டுவிட்டார். பழைய நகைகளில் இருக்கும் சிவப்புக் கற்கள் எல்லாமே பர்மா மாணிக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அதைக் கேட்க விரும்புவதில்லை.

ஆகவே ரசீதில் 'நீலக்கல் மோதிரம்' என்று மொட்டையாக எழுதினால் வாங்காதீர்கள். இயற்கைக் கல், சூடாக்கப்பட்டது, வேறு எதுவும் செய்யப்படவில்லை, இத்தனை கேரட், இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். 2012-இல் வந்த நம் குறைபாட்டுப் பொருள் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். அப்போது எழுத்தில் இருப்பதுதான் பேசும். கொழும்பில் மலிவு, போய் வாங்கி வருகிறேன் என்று யாராவது கிளம்பினால், அங்கே வாங்கியதற்கு இந்தச் சட்டம் துணை வராது. திரும்பி வரும்போது சலுகை வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கட்ட வேண்டும்.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. 916 தங்கம் மிருதுவானது. கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் சீக்கிரம் தேய்ந்து, ஒருநாள் கல் மட்டும் காணாமல் போகும். 18 கேரட், அதாவது 750 முத்திரை உள்ளதில் செய்யுங்கள். "பதினெட்டெல்லாம் தங்கமா?" என்று அம்மா கேட்பார், வளையலும் சங்கிலியும் 916-இல் இருந்துவிட்டுப் போகட்டும். நகம் வைத்துத் தூக்கிக் கட்டாமல், கல்லைச் சுற்றி விளிம்பு மடித்துத் தாழ்வாகப் பதிக்கச் சொன்னால் தலைமுடியிலும் துணியிலும் மாட்டாது.

ஆர்டர் கொடுத்துச் செய்வதென்றால் சில வாரங்கள் ஆகும், விரல் அளவு திருத்தவும் நாள் வேண்டும். தைக்கு மோதிரம் கையில் இருக்க வேண்டுமென்றால் கார்த்திகைக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள். மார்கழி பிறந்துவிட்டால், மோதிரம் வாங்கவே கூடாது என்று இரண்டு அம்மாக்களும் ஒன்று சேர்ந்துகொள்வார்கள்.