தோடை மரத்துக்கு எந்தத் தெளிமருந்து?

கேள்வி: தேயிலை மலையை அடுத்த எங்கள் நிலத்தில் நட்டு மூன்று ஆண்டுகளான தோடைக் கன்றுகளும் சில பழைய தேசி மரங்களும் நிற்கின்றன. மழைக்குப் பின் வரும் இளம் இலைகள் சுருண்டு, மேலே வெள்ளிக் கோடுகள் ஓடுகின்றன. சில கொப்புகளில் பிசுபிசுப்பும் கரிபோன்ற படிவும் உள்ளன. கடையில் கனிய எண்ணெய், வேம்பு மருந்து, இமிடாகுளோபிரிட் ஆகிய மூன்றையும் காட்டினார்கள். எது சிறந்தது? இரண்டைக் கலந்து அடிக்கலாமா?
– வாசகி, பசறை

பதில்: நீங்கள் எழுதியிருப்பது ஒரே பூச்சியின் வேலையாகத் தெரியவில்லை, எனவே பூச்சியை அறிந்த பின்னரே மருந்தை ஒப்பிட முடியும். வெள்ளிக் கோடு இலைச் சுரங்கப்புழுவுடையது. பிசுபிசுப்பும் அதன்மேல் வளரும் கரும்பூஞ்சணமும், சாறு உறிஞ்சும் அழுக்கணவன், செதில் பூச்சி, சில்லிட் போன்றவை கழிக்கும் இனிப்பு நீரால் உண்டாகின்றன. இவற்றுள் நான் மிகவும் அஞ்சுவது சில்லிட்டைத்தான். தலையைத் தாழ்த்தி வால்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து அமரும் இச்சிறு பூச்சியே, மருந்தில்லாத பசுமையாதல் நோயைத் தோடை மரங்களுக்குப் பரப்புகிறது. கறிவேப்பிலையிலும் அது பெருகும். ஆதலால் வீட்டோரத்துக் கறிவேப்பிலைத் துளிர்களையும் பாருங்கள். உண்ணும் இலையாகையால் அதில் இரசாயனம் அடிக்காமல், பூச்சி பிடித்த கொப்புகளை வெட்டி அழித்துவிடுங்கள்.

மூன்றில் நான் முதலில் எடுக்கச் சொல்வது கனிய எண்ணெய். அது மென்னுடல் பூச்சிகளின் சுவாசத் துளைகளை அடைத்துக் கொல்கிறது. சுரங்கப்புழுவின் தாய் அந்துப்பூச்சி எண்ணெய் படிந்த துளிரில் முட்டையிடத் தயங்குகிறது. ஆனால் இலைக்குள் புகுந்துவிட்ட புழுவை அது தொடாது. ஆகவே கோடுகளைக் கண்ட பின் அடிப்பதைவிட, துளிர் விரல் நகமளவு இருக்கும்போதே தொடங்கி, துளிர் முற்றும்வரை ஒரு வாரம் முதல் பத்து நாள் இடைவெளியில் அடிப்பதே பயன் தரும். 0.5 வீதக் கரைசலுக்கு 16 லீற்றர் தெளிப்பானில் 80 மில்லிலீற்றர் போதுமானது. இலையின் இருபுறமும் நனைய வேண்டும். உச்சி வெயிலிலும், ஊவாவின் வறண்ட காற்றில் மரம் நீரின்றி வாடும் நாட்களிலும் எண்ணெய் இலையைக் கருக்கிவிடும். கந்தகம் அடித்த மரத்துக்குச் சில வாரங்கள் கழியும்வரை எண்ணெய் வேண்டாம்.

இமிடாகுளோபிரிட் மரத்தின் சாற்றோடு பரவுவதால் சில்லிட்டுக்கும் அழுக்கணவனுக்கும் விரைந்து வேலை செய்கிறது. இளங்கன்றில் சில்லிட்டைக் கண்டால் அதை மறுக்கமாட்டேன். எனினும் அது மலரின் தேனுக்கும் செல்வதால், பூக்கும் காலத்திலும் அதற்குச் சற்று முன்னும் பயன்படுத்தக்கூடாது. தேனீ இறந்தால் நட்டம் உங்கள் நிலத்தோடு நிற்காது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி எதிர்ப்புத்திறன் பெறும். அதோடு, பொறிவண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அழியும்போது செதில் பூச்சியும் சிற்றுண்ணியும் முன்னைவிடப் பெருகுவதுண்டு.

வேம்பு மருந்து பூச்சியை உடனே வீழ்த்தாது. அதன் உணவையும் வளர்ச்சியையும் தடுக்கும். வெயிலில் விரைவில் சிதைவதால் மாலையில் அடியுங்கள். பழைய தேசி மரங்களில் சுரங்கப்புழுவுக்காக எதையும் அடிக்க வேண்டியதில்லை; முதிர்ந்த மரம் அச்சேதத்தைத் தாங்கும். கொப்புகளில் எறும்பு ஏறினால் அதைத் தடுப்பது அவசியம், ஏனெனில் எறும்புகள் இனிப்பு நீருக்காகச் செதில் பூச்சியைப் பாதுகாக்கின்றன.

கலப்பதைப் பொறுத்தவரை, சுட்டுத்துண்டில் அனுமதி இல்லாத எதையும் நீங்களாகக் கலக்க வேண்டாம். முன்னர் பலரும் நம்பியிருந்த டைமெத்தோவேற் என்ற பூச்சிகொல்லி இலங்கையில் தடைசெய்யப்பட்டு ஆண்டுகள் பலவாகின்றன. எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மலைச்சரிவில் மேலே அடிப்பது கீழேயுள்ள பீலிக்கு வந்து சேரும் என்பதால், மழைக்கு முன் அடிக்காதீர்கள். தெளிப்பானைப் பீலிக்கரையில் கழுவவும் வேண்டாம். பூச்சியை அடையாளம் காண முடியாவிட்டால், துளிரோடு ஒரு கொப்பை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.